அக்கா வீட்டுப் புகைபோக்கி

"எல்லா ஓட்டையும்தான் அடைச்சாச்சே, இன்னும் என்னம்மா நோண்டிக்கிட்டு இருக்கீங்க?" என்று வீட்டுச் சொந்தக்காரர் அவளிடம் சலித்துக்கொண்டார்.

குளிர்காலத்தில் வீட்டுச் சூடு வீணாக வெளியே போகாமல் ஜன்னல் இடுக்கு, கதவு இடுக்கு, கூரைச் சந்து என்று தேடித் தேடி அடைப்பதுதான் அவளுடைய வேலை. அக்கா அதைப் 'பொந்து அடைக்கிற உத்தியோகம்' என்று கேலி செய்வாள். அவளும் உருப்படியாக வேறு ஏதாவது கிடைக்கிற வரைக்கும் என்றுதான் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"அடைச்ச பிறகுதான் சார் முக்கியமான வேலையே," என்றாள். எல்லாக் கதவையும் சாத்தி, சமையலறை, குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன்களை ஓடவிட்டு, கேஸ் ஹீட்டரைப் பற்றவைத்து, அதன் புகைபோக்கி தொடங்கும் இடத்தில் ஒரு புகைக்குச்சியைப் பிடித்தாள். "இந்தப் புகை மேல போகணும். வீட்டை ரொம்ப இறுக்கிட்டா, வெளிய போக வேண்டிய விஷவாயு உள்ளயே திரும்பிடும். வாசனையும் இருக்காது. தூங்கினவங்க தூங்கினபடியே போய்டுவாங்க. இதைப் பாக்காம நான் எந்த வீட்டை விட்டும் கிளம்ப மாட்டேன்."

புகை சமர்த்தாக மேலே ஏறியது. அவளுக்குத்தான் பகீரென்றது. நேற்று அக்கா வீட்டை அடைத்தாளே, அங்கே பார்த்தாளா?

பார்க்கவில்லை. அக்கா நைட் ஷிஃப்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், "போதும் கிளம்புடி, நான் பூட்டணும்," என்று விரட்டினாள். நம்ம வீடுதானே, அப்புறம் பார்த்துக்கலாம் என்று இவளும் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அங்கே மாட்ட வேண்டிய விஷவாயு அலாரம்கூட வேனிலேயே கிடக்கிறது. அடிப் பாவி! முன்பின் தெரியாதவனுக்கு அத்தனை அக்கறை, கூடப் பிறந்தவளுக்கு அலட்சியமா?

போன் அடித்தாள். அக்கா எடுக்கவில்லை. காலையில் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் கேஸ் ஹீட்டரைக் கூட்டி வைத்து, இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவாள். தூங்குகிறாளா, இல்லை...

"அண்ணே, வண்டிய எடுங்க! அக்கா வீட்டுக்கு!" என்று வேன் டிரைவரிடம் கத்தினாள். அவர் உடனே வண்டியைக் கிளப்பினார். வழியிலேயே ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள். திரும்பத் திரும்ப அக்காவுக்கு அடித்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்ததே தவிர, பதில் இல்லை.

அக்கா வீட்டுக் கதவை இடித்தார்கள். சத்தமே இல்லை. ஜன்னலை நெம்பினாள். அவளே பார்த்துப் பார்த்து இறுக்கிய ஜன்னல் இம்மி அசையவில்லை. "என் வேலைல தீயை வைக்க!" என்று அழுகையும் ஆத்திரமுமாகச் சுத்தியலை எடுத்துக் கண்ணாடியை நொறுக்கினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே குதித்து, ஹீட்டரை அணைத்து, வாசல் கதவைத் திறந்துவிட்டாள். கட்டிலில் அக்கா துவண்டு கிடந்தாள். டிரைவரும் அவளுமாக அக்காவைத் தூக்கி வந்து வாசலில் கிடத்தினார்கள்.

"அக்கா! கண்ணைத் திற அக்கா! உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன்!"

முதலில் ஒன்றுமில்லை. பிறகு அக்கா குபுக்கென்று வாந்தி எடுத்தாள். "ஏண்டி... குளிருதுடி," என்று முனகினாள். இவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆம்புலன்ஸில் ஆக்ஸிஜன் ஏற ஏற அக்காவின் முகம் தெளிந்தது. இவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள். "என் தப்புதான்க்கா. கடைசியா பாக்க வேண்டியதைப் பாக்காம விட்டுட்டேன். இந்த வேலையே எனக்கு வேணாம். இன்னிக்கே விட்டுடறேன்."

அக்கா மூக்கிலிருந்த மாஸ்க்கைக் கீழே இழுத்தாள்.

"விட்டுட்டுப் போ. உன் இடத்துக்கு எவனாவது வருவான். அவனும் ஒரு நாள் எங்கயாவது பாக்காம விடுவான். உன்னை மாதிரி அவனுக்கு உறுத்துமா? ஓடி வருவானா?"

அப்போது போன் அடித்தது. அன்று அடுத்ததாக அடைக்க வேண்டிய வீட்டின் சொந்தக்காரர். "எப்பம்மா வருவீங்க? காத்துக்கிட்டே இருக்கேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னிக்கு முடியாது சார், மன்னிச்சுக்கோங்க. நாளைக்கு வர்றேன்," என்றாள். "வேற யாரையும் கூப்பிடாதீங்க. நானே வர்றேன்."