எண்ணெய் இருந்தும் கத்திய மோட்டர்

“அக்கா, உங்கட கதையளில எல்லாரும் கடைசியில சேர்ந்திடுவினம், என்ன?”

“சேராட்டி ஆர் வாசிப்பினம், யதுஷா?”

“அப்ப எங்கட மோட்டர் கத்தின கதையை எழுதுங்கோ பாப்பம். முடிவை மட்டும் என்னட்டக் கேக்கக்கூடாது.”

1

இந்தக் கதை வெள்ளவத்தையில், மிளகாய் அரைக்கும் மில்லில், தும்மல்களுக்கு நடுவே எனக்குக் கிடைத்தது. யதுஷா எங்கள் மேல்மாடி தில்லைநாதனின் ஒரே மகள். ஒன்பது வருடங்களுக்கு முன், கணக்கியல் வகுப்புக்கு என்று சொல்லிவிட்டுப் போய், கொட்டாஞ்சேனையில் படகு மோட்டர் திருத்தும் கிளறன்ஸைப் பதிவுத் திருமணம் செய்தவள். அன்றிலிருந்து தில்லைநாதன் மருமகனின் பெயரை உச்சரித்ததில்லை. அவருடைய மனைவி மட்டும் செவ்வாய்தோறும் பஸ் ஏறி, அந்தோனியாரைக் கும்பிட்டுவிட்டு, மகள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருவார். பாவற்காய்க் கறியைக் கிளறன்ஸ்தான் அவருக்குச் சமைப்பான்.

[பாவற்காய் என் கற்பனை. செவ்வாய்க்கிழமைகள் உண்மை.]

சென்ற ஆவணியில் யதுஷாவின் தாய் இறந்தார். கொள்ளி வைத்தது தில்லைநாதனின் தம்பி மகன். கிளறன்ஸ் கனத்தை மயான வாசலோடு நின்றுகொண்டான். அஸ்தியைக் கடலில் கரைக்கவேண்டிய காலையில் கடல் குழம்பியிருந்தது. வேறு படகுக்காரர் எவரும் வரவில்லை. கிளறன்ஸ் வந்தான்.

2

கடல் அன்று நீலப் பட்டுச்சேலை போல

(இல்லை. கடல் அன்று தேத்தண்ணி நிறம் என்று யதுஷா சொல்லிவிட்டாள்.)

மறுபடி. முகத்துவாரத்திலிருந்து புறப்பட்ட படகில் இரண்டே பேர். முன்னால், மடியில் அஸ்தி வைத்த மண் முட்டியோடு தில்லைநாதன். மின்சார எஞ்சினியராக இருந்து ஓய்வுபெற்றவர். பின்னால், மோட்டரின் பிடியோடு கிளறன்ஸ். நடுவே மோட்டரின் எண்ணெய் டாங்கி. தில்லைநாதன் கொண்டுவந்த சிறிய தேவாரப் பெட்டி இடைவிடாமல் பாடிக்கொண்டிருந்தது. அலை பெருத்ததும் முட்டியை இரண்டு கைகளாலும் பிடிக்கவேண்டி வந்தது. பெட்டியை டாங்கிக்கும் பலகைக்கும் இடையில் செருகினார்.

(அதில் பாடுவது இறந்த மனைவியின் குரல் என்று எழுதி, நானே அழுது, வெட்டிவிட்டேன். அது கடையில் வாங்கிய பெட்டி.)

சற்று நேரத்தில் மோட்டர் கத்தத் தொடங்கியது. எண்ணெய் இல்லையென்றால் வரும் அலாரம். வேகமும் தானாகக் குறைந்தது. இடப்பக்கம் அலைதடுப்புக் கற்கள். காற்று படகை அந்தப் பக்கமாகவே தள்ளியது.

“நிப்பாட்டும்! எஞ்சின் இறுகிப்போகும்.”

“நிப்பாட்டினா கல்லில போய் அடிப்பம், ஐயா. டாங்கியப் பாருங்க, எண்ணெய் கழுத்து வரைக்கும் நிக்குது. அலாரம்தான் பொய் சொல்லுது.”

“பொய் சொல்லுறது அலாரமோ?”

ஒன்பது வருடங்களில் மருமகனிடம் அவர் கேட்ட முதல் கேள்வி.

“கரைக்குத் திருப்பட்டா?”

“முட்டியோட திரும்பக்கூடாது.”

3

(கிளறன்ஸ் இதை எனக்கு மூன்று தரம் விளக்கினான். டாங்கியின் அடியில் ஒரு மிதவை, அதில் ஒரு சிறு காந்தம். எண்ணெய் குறைந்தால் மிதவை இறங்கும், காந்தம் கீழேயுள்ள சுவிட்சை நெருங்கும், அலாரம் கத்தும். மிதவை சிக்கினாலும் கத்தும். வயர் ப்ளக்கில் உப்பு ஏறினாலும் கத்தும்.)

ஒரு கையால் படகை நேராகப் பிடித்தபடி, டாங்கியின் வயரைக் கழற்றினான். அமைதி. தேவாரம் மட்டும். பொருத்தினான். கத்தல். ப்ளக்கின் முனைகளைக் கத்தியால் சுரண்டிப் பொருத்தினான். கத்தல். மிதவை அசையட்டும் என்று டாங்கியைக் குத்தினான். கத்தல்.

“வயரக் கழட்டிவிட்டே ஓடலாம், ஐயா.”

“காதைப் பொத்திக்கொண்டு ஓடுறதோ? என்ர மனிசி மடியில இருக்கிறா.”

கற்களுக்கு இன்னும் நாற்பது அடி இருக்கும்.

இந்த இடத்தில் எனக்குக் கிளறன்ஸ் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவும் தெரிந்தவன் அந்தத் தேவாரப் பெட்டியை ஏன் நகர்த்திப் பார்க்கவில்லை? என் பாத்திரத்தை மந்தமாக்கிவிட்டேனா? அவனிடமே கேட்டேன்.

“கண்ணில பட்டுது, அக்கா. ஸ்பீக்கருக்குப் பின்னால காந்தம் இருக்குமெண்டு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனா அது அவங்கட சாமிப் பெட்டி. நான் தொடுற சாமான் லிஸ்டில அது இல்ல.”

4

அலாரமும் தேவாரமும் ஒன்றையொன்று வெல்லப் பார்த்தன. எரிச்சலில், பாட்டையாவது அணைக்கவென்று தில்லைநாதன் பெட்டியை உருவியெடுத்தார்.

அலாரம் நின்றது.

அவர் பெட்டியைப் பார்த்தார். டாங்கியைப் பார்த்தார். எஞ்சினியர் அல்லவா, பெட்டியை மெதுவாகத் திரும்பக் கொண்டுபோனார். கத்தியது. எடுத்தார். நின்றது.

கிளறன்ஸ் பிடியை முறுக்கினான். வேகம் திரும்பியது. கற்கள் பின்னால் போயின. படகு ஆழத்துக்கு வந்தது.

“பிழை என்ர பெட்டியில,” என்றார் தில்லைநாதன், கடலைப் பார்த்து. “உம்மட மோட்டரில இல்லை.”

[இங்கே பொய் அலாரங்களையும் குடும்பங்களையும் ஒப்பிட்டு ஒரு பந்தி எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். இருபது வருடமாக என்னை வாசிக்கிறீர்கள். அந்தப் பந்தி உங்களுக்கே மனப்பாடமாக இருக்கும்.]

5

முடிவு ஒன்று: அவர் எழுந்து மருமகனைக் கட்டியணைத்து

(படகு கவிழும்.)

முடிவு இரண்டு: அவர் தனியே கரைத்துவிட்டு, கரையில் இறங்கி, முச்சக்கர வண்டியில்

(இதை எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நடந்திருக்கலாம்.)

உண்மையில் எனக்குத் தெரியாது. யதுஷாவுக்கும் தெரியாது. தகப்பனும் சொல்லவில்லை, கிளறன்ஸும் சொல்லவில்லை. பதிலை இருவரும் கடலிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். அதை நீங்கள்தான் சொல்லவேண்டும். கிளறன்ஸ் கேட்டது மட்டும் எனக்குத் தெரியும். கனத்தை மயான வாசலில் நின்றபோதே அவன் வாய்க்குள் வைத்திருந்தது.

மோட்டரை அணைத்தான். தில்லைநாதன் முட்டியின் வெள்ளைத் துணியை அவிழ்த்து, எழுந்து நிற்கப் பார்த்தார். படகு ஆட, ஒரு கையால் பலகையைப் பற்றினார். கிளறன்ஸ் எண்ணெய் பிசுபிசுத்த கைகளைக் கடல்நீரில் கழுவி, சட்டையில் துடைத்தான்.

“மாமா,” என்றான், முதல் தடவையாக. “மாமிய நானும் ஒரு பக்கம் பிடிக்கட்டா?”