முதல் நாற்று முடி

நான்காவது குடத்துக்கும் தண்ணீர் தெளியவில்லை. அக்கா காளியம்மாளின் இடுப்புக்குக் கீழே ஊற்றியதெல்லாம் கலங்கலாகவே ஓடியது. அம்சம் அடுத்த குடத்தைத் தூக்கினாள்.

"போதும் அம்சம். பாடை கட்டியாச்சு" என்றாள் ராசம்மாள். மறைப்புக்குக் கட்டியிருந்த புடவையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையால் பிணத்தின் கூந்தலை ஒதுக்கிவிட்டாள். நடவுப் பெண்களுக்கெல்லாம் மூத்தவள் அவள்தான்.

ஊதுபத்திக் கட்டு முழுவதையும் கொளுத்தியும் அந்த வாடை போகவில்லை. அம்சத்துக்கு அது புதிதல்ல. ஐப்பசியிலிருந்தே அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் அடித்த வாடைதான்.

அந்த ஊரில் நடவின் முதல் நாற்று முடியைத் தீட்டு நின்றுபோன பெண்தான் நடவேண்டும். மற்றவள் கை பட்டால் கதிர் பதராகிவிடும் என்பார்கள். மூன்று வருஷமாகக் காளியம்மாள்தான் நட்டாள். போன ஆனியில் கூலிச் சண்டை முற்றி, மிராசுதார் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார். அவர்களுக்குக் காவலாக வாய்க்கால் கரையில் போலீஸ் லாரி நின்றது. முதல் முடி எங்கள் பெண் கையால்தான் என்று கூலியாட்கள் சங்கம் பேசி முடித்த அன்று சாயங்காலம், குளிக்கும்போது அக்கா மெதுவாகச் சொன்னாள்.

"நின்னு நாலு வருஷமாச்சு. இப்ப மறுபடியும் படுதுடி."

அம்சத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "திரும்பவும் சமைஞ்சிட்டியா? மாமாகிட்ட சொல்லிப் பந்தல் போடச் சொல்றேன்."

பிறகுதான் லாரி ஞாபகம் வந்தது. "வெளியில சொல்லிடாதக்கா. சொன்னா நாளைக்கு வெளியூர்க்காரனுவ வயல்ல எறங்கிடுவானுவ."

அக்கா சொல்லவில்லை. முதல் முடியை நட்டாள். நட்டபின் சொன்னால் வயலில் பூச்சி விழுந்தாலும் பழி அவள் தலையில்தான். தீட்டுத் துணிகளை வைக்கோல் போருக்குள் சொருகிக் காயவைத்தாள். விளைச்சல் நன்றாகத்தான் இருந்தது. தைச் சம்பா அறுப்பில் அரிவாளோடு சாய்ந்தவளைத் திருவாரூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள்.

"நின்னதுக்கப்பறம் ஒரு சொட்டு பட்டாலும் அது தீட்டு இல்லம்மா, வியாதி" என்றாள் லேடி டாக்டர். "மொத நாளே வந்திருந்தா கர்ப்பப்பையை எடுத்துட்டுக் காப்பாத்தியிருக்கலாம். வீட்டுல யார்கிட்டயும் சொல்லலையா?"

அக்கா அம்சத்தைப் பார்க்கவே இல்லை. "இல்லீங்க" என்றாள். அந்த ஒரு சொல்லை அம்சத்தால் இன்னும் விழுங்க முடியவில்லை.

வெளியே பறை அடிக்கத் தொடங்கியது. ராசம்மாள் குனிந்து தணிவாகப் பேசினாள்.

"இந்த வருஷமும் லாரி வருமாம். மொத முடிக்கு உன் பேரைத்தான் சங்கத்துல சொல்லியிருக்கு. உனக்கு நின்னு ரெண்டு வருஷமாச்சுல்ல?"

அம்சம் குடத்தைக் கீழே வைத்தாள்.

"மூணு நாளா எனக்கும் படுது."

ராசம்மாளின் கை நின்றது. மறைப்புக்கு அப்பால் உட்கார்ந்திருந்த பெண்களின் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, அம்சத்தின் காதருகே வந்தாள்.

"வெளியில சொல்லிடாத."

அம்சம் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். மறைப்புப் புடவையை விலக்கி, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

"திருவாரூர் ஆஸ்பத்திரிக்குப் போக காலையில மொத பஸ் எத்தனை மணிக்கு?"

கழுவிய தண்ணீர் மறைப்புக்கு அடியில் ஓடி அவர்களிடம் வந்திருந்தது. ஒருத்தி புடவையைத் தூக்கிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள்.