அடுப்பின் மேல் ஒரு காது

செயற்கைக் காது செய்கிறவளைத் தெருவில் எல்லோரும் காதுக்காரி என்றே சொல்வார்கள். மூக்கும் விரலும்கூடச் செய்வாள். ஆனால் பேர் காதோடுதான் ஒட்டிக்கொண்டது. அவளுடைய அறையில் ஜன்னலை ஒட்டி ஒரு நீண்ட மேசை. அதன் மேல் சிலிக்கானில் வார்த்த காதுகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருக்கும். அந்த மேசைக்குப் பக்கத்தில் நின்று ரகசியம் பேசக் கூடாது என்று அவளுக்கு அடிக்கடி தோன்றும்.

அன்று காலை வந்தவர் ரொட்டிக்காரர். விபத்தில் இடது காதை இழந்தவர். மருத்துவர்கள் எலும்பில் பதித்த மூன்று சிறு முளைகளைப் பற்றிக்கொள்ளும்படி, உள்ளே மூன்று காந்தங்கள் வைத்து அவள்தான் காது செய்து கொடுத்திருந்தாள். இப்போது அது மாவு பூசிக்கொண்டு ஒரு காகிதப் பைக்குள் வந்திருந்தது.

"மறுபடியும் விழுந்துடுச்சும்மா. இந்தத் தடவை மாவுத் தொட்டிக்குள்ள."

"அப்புறம்?"

"பிசைஞ்ச மாவைப் பிச்சுப் பிச்சுத் தேடினோம். மாமனார் பாத்துக்கிட்டே நின்னாரு. 'சுவருக்குக் காது உண்டுன்னு கேட்டிருக்கேன் மாப்பிள்ளை. ரொட்டிக்கும் உண்டுன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது'ன்னாரு."

அவள் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. கடை மாமனாருடையது. இன்னொரு முறை காது விழுந்தால் மாப்பிள்ளை பின்கட்டுப் பக்கமே வர வேண்டாம், முன்னால் நின்று ரொட்டி விற்கட்டும் என்று சொல்லிவிட்டாராம். முன்னால் நிற்பதென்றால் பொழுதன்றைக்கும் ஆட்கள். வருகிறவர்களின் பார்வை முதலில் ரொட்டி மேல் விழும், பிறகு காது மேல் விழும், அப்புறம் அவசரமாக வேறெங்காவது போகும். மாவு அப்படிப் பார்க்காது.

"பிசையறப்போ கழட்டி வெச்சுடலாமே?"

"கண்ணாடி இல்லாம தராசு முள்ளு தெரியாது. கண்ணாடி நிக்கக் காது வேணும்ல?"

அவள் காதைக் கழுவி, சுருள்வில் தராசில் கொக்கி மாட்டி இழுத்துப் பார்த்தாள். காந்தங்களின் பிடி பாதியாகக் குறைந்திருந்தது. இப்போதைக்குத் தோலில் தடவும் பசையைக் கொடுத்தாள். வேர்வைக்கு அது அதிக நாள் தாங்காது என்பது இருவருக்கும் தெரியும்.

அவர் போனதும் காந்தக்காரருக்குப் போன் செய்தாள். கேட்ட அளவில் காந்தம் செய்து அனுப்புகிறவர். அவரை அவள் பார்த்ததே இல்லை. குரலை வைத்து மனதுக்குள் ஒரு பெரிய மீசை வரைந்து வைத்திருந்தாள்.

"நீங்க வாங்கினது நியோடிமியம், சாதாரண ரகம்," என்றது மீசை. "பிடியில அதை அடிச்சுக்க ஆளில்ல. ஆனா அதுக்குச் சூடு ஆகாது. எண்பது டிகிரியைத் தாண்டினா சோர்ந்து போயிடும், ஆறினாலும் பழைய பலம் வராது. அதனாலதான் எவ்வளவு சூட்டுல இருக்கும்னு அப்பவே கேட்டேன். நீங்க என்ன சொன்னீங்க?"

"முப்பத்தேழு."

"அது என்ன கணக்கு?"

"மனுஷ உடம்புச் சூடுங்க. காது வேற எங்க இருக்கப் போகுது?"

"அப்போ அந்த மனுஷனுக்கு எண்பதுக்கு மேல காய்ச்சல் அடிச்சிருக்கணும். உசுரோட இருக்காரா?"

அவள் வெப்பமானியைப் பையில் போட்டுக்கொண்டு ரொட்டிக்கடைக்கு நடந்தாள்.

பின்கட்டில் ரொட்டி வெந்துகொண்டிருந்தது. ரொட்டிக்காரர் தலையில் துணி கட்டி அடுப்பு வாய்க்கு முன்னால் குனிந்திருந்தார். அடுப்பின் மேல் செங்கல்லில், மடித்த துணி ஒன்றின் மீது, அவருடைய கண்ணாடியும் காதும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அங்கே படுத்திருந்த யாரோ இந்த இரண்டை மட்டும் மறந்துவிட்டு எழுந்து போனது போல.

துணிக்கடியில் வெப்பமானியை வைத்தாள். முள் தொண்ணூற்றைந்தில் போய் நின்றது. சிலிக்கானுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அதனால்தான் காது வாடாமல் காந்தம் மட்டும் வாடியிருக்கிறது.

"தினமும் இங்கதான் வைக்கறீங்களா?"

"அடுப்புப் பக்கம் வந்தா வேர்த்துக் கொட்டுதும்மா. கண்ணாடியும் மறைக்குது. ரெண்டையும் கழட்டி வெச்சுடுவேன்."

எதிர்ச் சுவரில் ஒரு மர அலமாரி காலியாக இருந்தது. இனிமேல் அதில் வையுங்கள் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். அதற்குள் அவர் காதை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். குழந்தையின் பாலைப் புறங்கையில் விட்டுப் பார்ப்பது போல. கொஞ்சம் ஆறவிட்டு மாட்டிக்கொண்டார்.

"வேர்வை காயறதுக்கு மட்டுமில்ல," என்றார், அவளைப் பார்க்காமல். "வீடு எதிர்த் தெருதான். நான் போற நேரம் சின்னது தூங்கற நேரம். இந்தக் காதைப் பிடிச்சுக்கிட்டாத்தான் அதுக்குத் தூக்கம் வரும். சில்லுனு இருந்தா தட்டிவிட்டுட்டு அவங்க அம்மாகிட்டப் போயிடுது. சூடா இருந்தா வித்தியாசம் தெரியறதில்ல."

காதுக்காரி அலமாரியைப் பற்றிப் பேசவில்லை. அந்தக் காதில் அவள் நரம்பு வரைந்திருந்தாள், மடலின் ஓரத்தில் ஒரு மச்சம்கூட வைத்திருந்தாள். சூடு வைக்க அவளுக்குத் தோன்றியதில்லை.

மறுபடியும் போன்.

"காந்தத்தை ஃபெரைட்ல செஞ்சா என்னங்க? அது சூட்டைத் தாங்கும்ல?"

"தாங்கும். ஆனா நீங்க கேக்கற பிடி வேணும்னா யானைக்காது அளவுக்குச் செய்யணும். பரவாயில்லையா?"

"வேற?"

"சமாரியம் கோபால்ட். அடுப்புக்குள்ளயே வெச்சாலும் அசையாது. பிடி ஒரு சுத்து கம்மி, அதனால அரை மில்லிமீட்டர் தடிமன் கூடும். கீழ விழுந்தா பீங்கான் மாதிரி உடையும். அதுக்கு மெல்லிசா ஒரு உலோகக் கிண்ணம் போட்டுத் தரேன். எத்தனை டிகிரின்னு எழுதட்டும்?"

"நூத்தம்பது."

"போன தடவை முப்பத்தேழுன்னீங்க."

"போன தடவை காது எங்க இருக்கும்னு மட்டும் யோசிச்சேன். எங்க போகும்னு யோசிக்கல."

புதுக் காந்தங்கள் வந்தன. கூடிய அரை மில்லிமீட்டருக்காகக் காதின் உட்புறத்தைக் குடைந்தாள். இல்லாவிட்டால் தலையை விட்டு விலகி நின்றிருக்கும். சில வாரம் அது தினமும் அடுப்பின் மேல் இருந்த பிறகு, தராசை எடுத்துக்கொண்டு மறுபடி கடைக்குப் போனாள். ரொட்டிக்காரர் தொட்டியோரம் கண்ணாடியும் காதுமாக நின்றிருந்தார். கொக்கியை மாட்டப் போனவளை மாமனார் தடுத்தார்.

"அந்த முள்ளெல்லாம் எனக்குப் புரியாதும்மா. பொண்ணு குடுத்த நாள்லேர்ந்து மாப்பிள்ளை காதைத் திருகணும்னு எனக்கு ஒரு ஆசை. இன்னைக்கு விட்டா வாய்க்காது."

கையைத் துடைத்துக்கொண்டு நன்றாகவே திருகினார். கண்ணாடி கோணிக்கொண்டது. மாப்பிள்ளையின் தலையே ஒரு பக்கம் சாய்ந்தது. காது அசையவில்லை.

"சரி," என்றார் மாமனார், ஏமாந்தவர் போல. "மாவைப் பாருங்க மாப்பிள்ளை. புளிச்சுடப் போகுது."

அவர் முன்கட்டுக்குப் போய்விட்டார். காதுக்காரி ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மாவு உருண்டைகளாகி, உருண்டைகள் அடுப்புக்குள் போயின. கடைசித் தட்டு வெளியே வந்ததும் ரொட்டிக்காரர் அடுப்பின் மேலிருந்து காதை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். வீடு போய்ச் சேர்வதற்குள் ஆறிவிடும் போலிருக்கிறது. திரும்ப அங்கேயே வைத்துவிட்டு, கையிலிருந்த மாவைக் கழுவப் போனார்.