ஒளிநீர் மாநகரில் மாது

பென்னாகரம் சாலையில், முள்காட்டுக்கு நடுவே ஒளிநீர் மாநகரம் நிற்கிறது. அதாவது, அதன் ஃப்ளெக்ஸ் பலகை நிற்கிறது. மலை உயரத்துக்கு நீர்த்திரை, அதில் தோகை விரிக்கும் லேசர் மயில், தண்ணீர் விசையில் சுழலும் கண்ணாடிக் கோபுரம். அடிக்கல் விழாவில் மாதிரி நீரூற்றுக்கு லாரியில் தண்ணீர் வந்தது. விழா முடிந்ததும் ஊர் அதைக் குடத்தில் அள்ளிக்கொண்டு போனது. திட்டத்தால் மக்கள் அடைந்த பயன் இன்றுவரை அதுதான்.

பலகையில் நீர்த்திரையோரம் கையில் ஐஸ்கிரீமோடு நிற்பவன் மாது. விழாவில் வேடிக்கை பார்த்தவனைப் படம் பிடித்து வெட்டி ஒட்டிவிட்டார்கள். பலகை ஏறுவதற்குள், தக்காளி லோடோடு தொப்பூர் இறக்கத்தில் லாரி கவிழ்ந்து அவன் போய்ச் சேர்ந்திருந்தான்.

அவன் மனைவி சென்னம்மாள், திட்டப் பொறியாளர் பிரபாகரிடம் வந்தாள்.

"அவரை அதுல இருந்து எடுத்துடுங்க சார். காரியமெல்லாம் பண்ணியாச்சு. ஆனா கால் கடுக்குதுன்னு கனவுல வந்து அழுவுறாரு. இல்லாத ஊர்ல எத்தினி நாளு நிப்பாரு?"

"அது உங்க வூட்டுக்காரர் இல்லம்மா. பொதுமக்கள்."

"பொதுமக்களுக்குப் புருவத்துல எங்கூட்டுக்காரரு தழும்பு எதுக்குங்க?"

பிரபாகர் குரலைத் தாழ்த்தினார். "அப்ரூவல் ஆன டிசைன்மா. ஒரு ஆளைக் குறைச்சாலும் மறுபடி முதல்ல இருந்து வரணும். கட்டி முடிச்சா பலகையே போயிடும்."

"எப்பக் கட்டுவீங்க?"

அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

அன்றுமுதல் ஒளிநீர் மாநகரம் எழ வேண்டுமென்று மனதார விரும்பிய ஒரே ஆள் சென்னம்மாள்தான். திங்கட்கிழமைதோறும் மனு கொடுத்தாள். தொல்லை தாங்காமல் பிரபாகர் இறங்கிவந்தார். "ஆளை எடுக்கத்தான் முடியாது. பொது வசதின்னு ஏதாச்சும் சேர்க்கலாம்."

"அப்ப ஒரு பெஞ்சு போடுங்க. சித்த ஒக்காரட்டும்."

பெஞ்சோடு புதுப் பலகை ஏறியது. மாது அதன் பக்கத்திலேயே நின்றான். சென்னம்மாள் அண்ணாந்து அதட்டினாள்: "அதான் போட்டாச்சுல்ல, இன்னும் யாருக்கு மரியாதை? ஒக்காருங்க மாமா."

மறுநாள் காலை பிரபாகர் ஜீப்பில் அந்த வழியே வந்தார். மாது பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஐஸ்கிரீம் உருகி அவன் முழங்கை வரை வழிந்திருந்தது. பிரபாகர் செல்போனில் அசல் வரைபடத்தைத் திறந்தார். அதில் அவன் நின்றுகொண்டுதான் இருந்தான்.

டிரைவர் ராஜா செருப்பைக் கழற்றினார். "கும்பிட்டுட்டுப் போயிடலாம் சார்."

"அது கெடக்கட்டும்யா." பிரபாகர் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "அப்ரூவல் இல்லாம உக்காந்துட்டானே. ஆடிட்ல கேட்டா என்ன சொல்வேன்?"

மத்தியானத்துக்குள் பலகையை இறக்க உத்தரவானது. சென்னம்மாள் முந்தானையால் வாயைப் பொத்தியபடி சாலையோரம் நின்றாள். சுருட்டியது வெறும் ஃப்ளெக்ஸ்தான். ஆனாலும் அதைத் தூக்க நாலு பேர் தேவைப்பட்டார்கள்.