வாத்தின் மூக்கடைப்பு

...இல்லை, இது நானில்லை, இன்ஜினியர் ஏதோ தப்பான பொத்தானை அழுத்தியிருப்பார், வேறு யாரோ பேசியதை எடுத்துப் போட்டிருப்பார் என்று ஹெட்ஃபோனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு மறுபடி கேட்கிறேன், திரையில் என் கார்ட்டூன் வாத்து சேற்றில் வழுக்கி விழுகிறது, எழுந்து இறக்கையை உதறிச் சிரிக்கிறது, சிரிப்புக்கு நடுவே 'நான் விழல, சும்மா உக்காந்தேன்' என்கிறது, உதட்டசைவு இம்மி பிசகவில்லை (உதட்டசைவு என்றுதான் எங்கள் டப்பிங் தொழிலில் சொல்வோம், வாத்துக்கு ஏது உதடு), ஆனால் பேசுவது வாத்து இல்லை... யாரோ ஒரு பெண்மணி, வங்கியில் டோக்கன் எண்ணை அறிவிக்கிறவள் போல, சுத்தமான, பளிச்சென்று துடைத்து வைத்த குரல். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்ஜினியரும் டைரக்டர் மேடமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள், பிறகு காதுக்குள் இன்ஜினியரின் குரல், "வாத்தக்கா, இன்னொரு தடவ போலாமா, இது கொஞ்சம் உங்க குரல் மாதிரியே இருக்கு." என் குரல் மாதிரியே இருக்கிறதாம். இத்தனை வருடமாக அந்த வாத்தின் குரல் வேறு யாருடையது? இந்தக் கட்டடத்தில் காவலாளி முதல் டீ கொண்டுவரும் அம்மா வரை என்னை வாத்தக்கா என்றுதானே கூப்பிடுகிறார்கள், என் சொந்தப் பெயரைச் சொன்னால் கேட்டில் உள்ளே விடமாட்டார்கள்.

தண்ணீர் குடிக்கிறேன், தொண்டையைச் செருமுகிறேன், வழக்கம்போல் தாடையை முன்னால் தள்ளி, தோளை உயர்த்தி, பாதங்களை அகட்டி வைத்து, மைக்குக்கு முன்னால் முக்கால் வாத்தாகி நின்று... நான் விழல. இல்லை. மறுபடி... நான் விழல. அச்சடித்த மாதிரி விழுகிறது. இந்த ந எங்கிருந்து வந்தது, இந்த ம யார் வீட்டுச் சொத்து? என் வாத்துக்கு இரண்டுமே வராது, டாட் விழல என்றுதான் சொல்லும், மழை வந்தால் பழை வருது என்று ஓடும், அதற்காகத்தானே பிள்ளைகள் பள்ளிக்கூட வாசல்களில் 'டாட் வட்துட்டேட், டாட் வட்துட்டேட்' என்று ஒருவரையொருவர் துரத்தினார்கள். போன சீசன் முடிந்து இத்தனை மாதம் இடைவெளி, வீட்டில் ஒருமுறை ஒத்திகை பார்த்திருக்கலாம், யார் பார்ப்பார்கள், சொந்த வீட்டுக்குப் போக வழி கேட்பேனா என்ன. இன்னொரு டேக், இன்னொன்று, வியர்க்கிறது, நெற்றியைத் துடைக்கக் கைக்குட்டையை எடுக்கப் பைக்குள் கைவிட்டால் கைக்குட்டையே இல்லை... கைக்குட்டை இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்பியிருக்கிறேன், அதுகூடத் தெரியாமல் இவ்வளவு நேரம் நின்றிருக்கிறேன், ஏனென்றால் தேவைப்படவே இல்லை. மூக்கு. அடக் கடவுளே, மூக்கு.

எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து மூக்கு மூச்சு விடுகிற உறுப்பாக இருந்ததில்லை, ஒழுகும், இல்லாவிட்டால் அடைக்கும், இரண்டும் இல்லாத நேரத்தில் அரிக்கும். காலையில் என் தும்மல்தான் வீட்டுக்கு அலாரம், அதை நம்பி என் வீட்டுக்காரர் கடிகாரமே வைத்ததில்லை. ஸ்ப்ரே, மாத்திரை, ஆவி, எல்லாம் கேட்டது, கேட்ட மாதிரி இருந்து திரும்பியது. கடைசியில் மகள்தான், அவள் பிசியோதெரபிஸ்ட், நடக்க முடியாதவர்களை நடக்க வைக்கிறவள், "மருந்த நிறுத்தாதம்மா, ஆனா ஒடம்பக் கொஞ்சம் அசை, மைக் முன்னாடி நின்னு நின்னு நீயும் ஒரு ஸ்டாண்டு மாதிரி ஆயிட்ட" என்று கையோடு மூக்கு டாக்டரிடம் அழைத்துப்போனாள். ரத்தத்தில் வைட்டமின் டி தரைமட்டம் என்றார் அவர், அதற்கொரு மாத்திரை, சி-க்கு ஒன்று, "இது ஸ்ப்ரேக்குப் பதில் இல்ல, கூடச் சேர்த்துச் செய்ங்க, மூச்சு வாங்குற மாதிரி உடற்பயிற்சி சிலருக்கு நல்லாக் கேக்குது, எல்லாருக்கும்னு சொல்ல மாட்டேன்" என்றார். எனக்குக் கேட்டது, கேட்காமல் போயிருக்கக்கூடாதா. மரச்சாமான் கடைக்கு மேலே ஒரு ஹால், ஏரோபிக்ஸ் என்று பெயர், காதைக் கிழிக்கிற பாட்டுக்கு இருபுறமும் தாவித் தாவிக் குதிக்கவேண்டும், சொல்லிக்கொடுக்கிறவளுக்கு நான் குதிப்பு டீச்சர் என்று பெயர் வைத்தேன், முதல் வாரம் எல்லோரும் இடப்பக்கம் போனால் நான் வலப்பக்கம் போய் இடித்தேன். பிறகு ஒருநாள் வகுப்பு முடிந்து படியிறங்கும்போது கீழே அறுத்த மரத்தின் வாசனை... இரண்டு துவாரத்திலும், ஒரே நேரத்தில். அப்படியே நின்றுவிட்டேன், கண்ணில் தண்ணீர், கடைக்காரர் வெளியே வந்து "என்னம்மா, கட்டில் பாக்கறீங்களா" என்று கேட்டார். அன்று வாயை மூடிக்கொண்டு தூங்கினேன். குறட்டை நின்று போனதில் வீட்டுக்காரருக்குத்தான் தூக்கம் கெட்டது, பக்கத்துல ஆள் இருக்கா இல்லயான்னு தொட்டுத் தொட்டுப் பாக்க வேண்டியிருக்கு என்று புலம்பினார். ஓரகத்தி ஃபோனை எடுத்து "யாரு பேசறது" என்று கேட்டபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? பெருமையாகச் சிரித்தேனே, மடச்சி.

டைரக்டர் மேடம் எழுந்து உள்ளே வருகிறார், அவர் உள்ளே வரவே மாட்டார், கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்தே கோபம், பாராட்டு எல்லாம், இன்று வந்து என் தோளில் கைவைத்து மெதுவாகக் கேட்கிறார், உடம்புக்கு ஏதாவதா? உடம்புக்கு ஒன்றும் இல்லை மேடம், அதுதான் பிரச்சினை, எப்படிச் சொல்வேன்? சரி, மூக்கைப் பிடிச்சுக்கிட்டுப் பேசிப் பாருங்க என்கிறார். பிடித்துக்கொண்டு பேசுகிறேன். இன்ஜினியர் போட்டுக் காட்டுகிறார், என்னைக் கிண்டல் செய்கிற யாரோ ஒருத்தி பேசுகிற மாதிரி இருக்கிறது, எனக்கே கோபம் வருகிறது. "கொழந்தைங்க கண்டுபிடிச்சிடும்" என்கிறார் மேடம், பெரியவர்களை ஏமாற்றலாம், அதுகளை முடியாது. ஒரு டீ குடிச்சிட்டு வாங்க, அப்பவும் வாத்து வரலேன்னா தப்பா எடுத்துக்காதீங்க, சேனல்ல நாளைக்கே கேக்கறாங்க, உங்க ஸ்டூடண்ட் ஒரு பொண்ணு இருக்கே, அச்சு அசலா வாத்து பேசுமே, அதைக் கூப்பிட்டுப் பாக்கறேன்... என் ஸ்டூடண்ட். ஆமாம், பயிற்சி முகாம் நடத்தினேன் அல்லவா, நாக்கின் அடியை மேலண்ணத்தில் ஒட்டணும், குரலைப் புருவத்துக்கு நடுவுல கொண்டுபோகணும் என்றெல்லாம் கரும்பலகையில் மூக்கு, தொண்டைப் படம் வரைந்து அளந்தேன், வந்தவர்கள் அத்தனை பேரும் நாக்கை ஒட்டினார்கள், புருவத்தைச் சுருக்கினார்கள், ஒருவருக்கும் வாத்து வரவில்லை, உழைப்பு போதாது என்று திட்டினேன். அந்த ஒரு பெண்ணுக்கு மட்டும் வந்தது. பிறவிக் கலைஞி என்று எல்லோர் முன்னிலும் தட்டிக்கொடுத்தேன். அந்தப் பெண் எந்நேரமும் மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்தாள்... இப்போதுதான், இந்த நிமிஷம்தான் என் மரமண்டைக்கு எட்டுகிறது.

அப்படியானால் என்னிடம் இருந்தது என்ன? டீக்கு என்று சொல்லிவிட்டு நடைபாதைக் கோடிக்குப் போகிறேன், அங்கே சாமான் அறை, சுவரில் ஒட்டுகிற பழைய ஃபோம் அட்டைகள், கிழிந்த கார்ப்பெட், யாரும் துடைக்காத தூசி, முன்பெல்லாம் அந்தக் கதவைக் கடந்தாலே வரிசையாகத் தும்முவேன், அதற்காகவே சுற்றுவழியில் போவேன். இன்று நானே கதவைத் திறந்து உள்ளே போய்ச் சாத்திக்கொள்கிறேன். ஒரு ஃபோம் அட்டையை இரண்டு தட்டுத் தட்டி, முகத்தை அதில் புதைத்து, குதிப்பு டீச்சர் சொல்லிக்கொடுத்த மாதிரியே, அடிவயிறு வரை ஆழமாக இழுக்கிறேன்... வா, வந்து தொலை. தூசி வாசனை மட்டும் வருகிறது, நல்ல தெளிவான தூசி வாசனை. கார்ப்பெட்டைச் சுருட்டி அதன் வாயில் மூக்கை வைக்கிறேன், வெட்கம் கெட்டு மண்டி போட்டு இழுக்கிறேன், மூக்கின் நுனியில் ஒரு சின்ன அரிப்பு, கண்ணை மூடி, வாயைத் திறந்து காத்திருக்கிறேன், வருகிறது, வருகிறது... போய்விட்டது. நோயாவது என்னோடு இருக்கும் என்று நினைத்தேனே. பாராட்டு விழாவில் ஒரு பெரிய மனிதர், உங்கள் தொண்டையைக் காப்பீடு செய்ய வேண்டும் அம்மா என்றாரே, அப்பா சாகும் முன்பு, என் மக ஒரு கலைஞி என்று பக்கத்துப் படுக்கைக்காரரிடம் சொன்னாரே, அத்தனையும் சளிக்கா? ஊர் கைதட்டியது என் மூக்கடைப்புக்கா, நான் அதைத் தூக்கிக்கொண்டு அலைந்த வண்டிதானா? மண்டி போட்டபடியே அழுகிறேன், கார்ப்பெட்டைக் கட்டிக்கொண்டு, சத்தம் வராமல் இருக்க வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறேன், அழுது, மூச்சு முட்டி, வாயால் காற்றை இழுத்து, சே என்ன இது என்று சொல்ல வாயெடுத்தால், எட்ட இது என்கிறேன்.

எட்ட இது. மறுபடி சொல்லிப் பார்க்கிறேன். அழுதால் மூக்கு அடைக்கும், பச்சைப்பிள்ளைக்கும் தெரிந்தது, எனக்குத் தோன்றவில்லை. முகத்தைக்கூடத் துடைக்காமல் ஓடுகிறேன், இன்ஜினியர் வடையோ பிஸ்கட்டோ எதையோ வாயில் போட்டபடி நிமிர்கிறார், போடுங்க, உடனே போடுங்க என்று சைகை காட்டி மைக்குக்கு முன்னால் நின்றதும் திரையில் வாத்து வழுக்குகிறது, "டாட் விழல, சுப்பா உக்காட்தேட்." ஒரே டேக். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருவரும் கைதட்டுகிறார்கள், சத்தம் கேட்கவில்லை, கைகள் மட்டும் தெரிகின்றன, மேடம் குனிந்து பொத்தானை அழுத்தி, "எங்கடி போயிருந்த இவ்ளோ நேரம்" என்று என்னிடம் இல்லை, வாத்திடம் கேட்கிறார். எனக்குச் சிரிப்பு வருகிறது, சந்தோஷத்தில் உடம்பெல்லாம் லேசாகி... அந்தச் சந்தோஷத்திலேயே மூக்கு திறக்கத் தொடங்குகிறது. முதலில் இடது, ஒரு ஊசித் துளையாக. அழுத மூக்கு எவ்வளவு நேரம் தாங்கும்? அடுத்த காட்சி வந்துவிட்டது, வாத்து தன் கூட்டாளிகளோடு குளத்தில் குதித்துச் சிரிக்கவேண்டும், பெரும்பாலும் சிரிப்புதான், வசனம் இரண்டே வரி. அழவேண்டும். எதை நினைத்து? அப்பாவை நினைக்கிறேன், பாவம், ஆண்டாண்டாக நினைத்து நினைத்துத் தேய்ந்துவிட்டார், பெருமூச்சுதான் வருகிறது. வீட்டுக்காரரோடு போட்ட சண்டைகளைப் புரட்டுகிறேன், கோபம் வருகிறது, கோபத்துக்கு மூக்கு இன்னும் நன்றாகத் திறக்கிறது. வலதும் திறந்துகொண்டிருக்கிறது, ஒலிப்பதிவுக்கான சிவப்பு விளக்கு எரியப்போகிறது, கைக்கு எட்டியதை எடுக்கிறேன்... மகள். இந்த நேரத்துக்கு அவள் ஸ்கூட்டரில் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருப்பாள். பாலத்துக்குக் கீழே திரும்புவாள். ஒரு லாரி.

எங்கிருந்து வந்தது அந்த லாரி, நான் கூப்பிடவில்லை, கூப்பிட்டேனா? ஹெல்மெட் உருண்டு போகிறது, ஒரு செருப்பு மட்டும் தனியாகக் கிடக்கிறது, செருப்பைப் போட்டவள் நான்தான், அது இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்று நான்தான் வைத்தேன், தெரியாத எண்ணிலிருந்து ஃபோன் வருகிறது, நீங்க அவங்க அம்மாவா என்று ஒரு ஆண் குரல்... பொலபொலவென்று கொட்டுகிறது, மூக்கு கதவைச் சாத்துகிற மாதிரிச் சாத்திக்கொள்கிறது, விளக்கு எரிகிறது, வாத்து குளத்தில் குதித்துச் சிரிக்கிறது. எப்படிச் சிரிக்கிறது, வயிறு குலுங்க, மூச்சு வாங்க, என் மகள் ரோட்டில் கிடக்கிறாள், வாத்து சிரிக்கிறது. காட்சி முடிந்ததும் மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார், "இந்தச் சிரிப்பு எந்த சீசன்லயும் வந்ததில்ல" என்கிறார், முன்பு செய்தது மூக்கடைப்பு என்றால் இப்போது செய்ததுதான் நடிப்பா, இதற்குத்தான் அந்தப் பெயரா, பெற்ற வயிறு கொஞ்சமும் நடுங்கவில்லையே, எவ்வளவு சுலபமாக வந்தது, அதுதான் என்னைத் தூக்கிவாரிப் போடுகிறது, கைப்பையில் ஃபோன் இருக்கிறது, அவளைக் கூப்பிட்டு எங்கே இருக்கிறாய் என்று கேட்கவேண்டும், ஒரு வார்த்தை கேட்டால் போதும்... கேட்டால் மனசு லேசாகிவிடும், லேசானால் மூக்கு திறந்துவிடும். இடது பக்கம் இப்போதே லேசாகக் காற்று போகிறது. "அக்கா, அடுத்தது பெருசு, முழுப்பாட்டு, போலாமா?" என்கிறார் இன்ஜினியர். முழுப்பாட்டு என்றால் நேரம் பிடிக்கும், இந்த முறை லாரி அவளை உடனே கொன்றுவிடக்கூடாது, கொஞ்ச நேரம் ஆஸ்பத்திரியில் வைத்திருக்கவேண்டும் என்று ஓடுகிறது மனசு. போலாம் என்று தலையாட்டுகிறேன்.