ஹோல்டில் நிற்கிற ஏழு பேர்

1

இந்தக் கதை என் மூளையில் பிறந்ததல்ல, முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். அரைமணி நேரம் முன்பு பக்கத்து வீட்டு அனுசுயா கழுத்தில் ஹெட்போனோடு ஓடிவந்து கேட்டாள்: "மாமா, நீங்க எழுதுறவருதானே? சொன்ன பொய்ய எப்டி திரும்ப எடுக்கறது?"

2

'திருத்தணி மலைமேல் மேகம் கவிந்த—'

வேண்டாம். இந்த ஊரை எழுதுகிறவர்கள் எல்லோரும் முதல் வரியிலேயே படியேறிவிடுகிறார்கள். எனக்கு மூட்டுவலி.

'அனுசுயா சுரங்கத்தைப் பார்த்ததே இல்லை.' இது இருக்கட்டும்.

வேலையில் சேர்ந்து பதினோரு நாள். சுரங்கச் சுவர் நகர்கிறதா என்று காட்டும் மென்பொருளுக்கு, வீட்டிலிருந்தே தொலைபேசியில் உதவி. அமைதியான தனியறை உண்டு என்று கையெழுத்துப் போட்டிருந்தாள். (அறை உண்டு. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அப்பா ஜெகநாதனின் நான்கு விசைத்தறிகளும் உண்டு.)

இரண்டாம் நாள், அரியலூர்ப் பக்கத்துச் சுரங்கப் பொறியாளர் குணசேகரன் அந்தச் சத்தத்தைக் கேட்டு, கல்லுடைக்கிற கிரஷர் ஓடுகிறதா, சைட்டிலா இருக்கிறீர்கள் என்று மகிழ்ந்திருக்கிறார். பயத்தில் "ஆங் சார்" என்றுவிட்டாள். அன்றிலிருந்து உதவிக்கு அழைத்தால் அவளைத்தான் கேட்பார், வேறு யாரிடமும் பேசுவதில்லை.*

3

இன்று அவள் திரையில் பச்சை, அதாவது சுவர் நகரவில்லை. ஆனால் சுவரின் மேல் விளிம்பில் இரண்டு விரல் நுழையும் விரிசல் என்கிறார் குணசேகரன். கீழே இறங்க ஏழு பேர் தயார்.

"சைட்ல இருக்கறவங்க, நீங்களே சொல்லுங்கம்மா. ஆளுங்கள எறக்கட்டுமா?"

திரையில் உள்ளதை மட்டும் சொல் என்பது பயிற்சி. சைட்டில் இல்லை என்ற உண்மையைச் சொன்னால் வேலை போகும்; அழைப்பு பதிவாகிறது. அவரை ஹோல்டில் போட்டுவிட்டுத்தான் என்னிடம் ஓடிவந்தாள்.

நான், முப்பது வருடம் பொய் எழுதிப் பிழைத்தவன் (பிழைத்தது பென்ஷனில்), "நாங்க அடிச்சிட்டு வேற எழுதுவோம்மா" என்றேன். அவள் பார்த்த பார்வையை மூன்று முறை எழுதி, அடித்து—

4

முடிவு ஒன்று: 'இறக்காதீங்க' என்று மட்டும் சொல்கிறாள். பொய் பத்திரம். நாளைக்கு இன்னொரு பாறையைப் பற்றிக் கேட்பார்.

முடிவு இரண்டு: 'பச்சை சார்' என்கி— இதற்குக் கை வரவில்லை.

நடந்தது: திரும்பி ஓடினாள். "நைனா, தறிய நிறுத்து."

நின்றது. சத்தம் ஓய்ந்தால் பெரிய நாவல் எழுதுவேன் என்று சொல்லிவந்தவன், இரு வீட்டுக்கும் பொதுவான சுவரில் காதை ஒட்டி நின்றேன்.

"சார், நீங்க கேட்டுகினு இருந்தது கிரஷர் இல்ல சார். எங்க வூட்டுத் தறி. நான் சுரங்கத்த பாத்ததே இல்ல. அந்த விரிசல பாக்கறது நீங்கதான் சார்."

அவர் பதில் எனக்குக் கேட்கவில்லை. தறி இன்னும் ஓடவில்லை. போய்க் கேட்கத் தைரியமில்லாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். இப்போது நீங்கள்தான் குணசேகரன். இறக்குவதா வேண்டாமா, சீக்கிரம் சொல்லுங்கள், ஏழு பேர் ஹெல்மெட்டோடு நிற்கிறார்கள்.

* என் கதைகளை இப்படி ஒருவரும் நம்பியதில்லை.