ஆறாவது தகடு

சனிக்கிழமை காலை எட்டரைக்கு, தீயணைப்புக் கூடத்தின் மாடியில் லென் ஹுடாக் ஒரே ஒரு நாற்காலியைப் போட்டான். பார்க்கச் சகிக்கவில்லை. இன்னும் ஐந்து போட்டான். வகுப்புக்கு வரப்போவது ஒருத்திதான்.

வெரோனா குஸ்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. அந்தச் சுரங்க ஊரின் தன்னார்வத் தீயணைப்புக் குழுவில் பத்தொன்பது வருடமாகப் பெயர்ப்பலகை அவள் பொறுப்பு. எரிகிற வீட்டுக்குள் போகிறவன் தன் பெயர் பொறித்த தகட்டை அவளிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். வெளியே வந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அவள் பலகையைப் பார்த்து வயர்லெஸ்ஸில் பெயர் கூப்பிடுவாள். பதில் வராவிட்டால் அந்த ஆள் உள்ளே மாட்டிக்கொண்டான் என்று அர்த்தம்.

மூன்று வாரத்துக்கு முன் வால்நட் தெரு வீடு எரிந்தபோது லென்னின் பெயருக்குப் பதில் வரவில்லை. அவனைத் தேடி, குழுவில் இருந்த டாரல் மோயர் உள்ளே போனான். இரண்டு கையும் வெந்து வெளியே வந்தான்.

மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரு ஆள் வந்து விசாரித்து அறிக்கை எழுதினார். அதன்படி, எரிந்த வீட்டின் பின்பக்கம் லென் வேலையாக இருந்தான். அதைப் பலகைக்காரி குறித்துக்கொள்ளவில்லை. இனி அவள் பலகையைத் தொடக் கூடாது. நான்கு மணி நேர மறுபயிற்சி எடுக்க வேண்டும். பயிற்சி அலுவலர் என்ற முறையில் லென் அதில் கையெழுத்துப் போட்டான். மறுபயிற்சியை நடத்த வேண்டியவனும் அவனே.

லென் பின்பக்கம் இல்லை. வால்நட் தெருவிலேயே இல்லை.

வெரோனா மூச்சு வாங்க மாடியேறி வந்தாள். கையில் துணி சுற்றிய ஒரு தட்டு.

"என்ன தம்பி, விருந்து வீடு மாதிரி இத்தனை நாற்காலி? யார் வரப்போறா?"

"யாரும் இல்லக்கா."

"அப்ப நான் முன்னாலயே உக்காந்துக்கறேன். பின்னால உக்காந்ததாலதான் இவ மண்டையில ஏறலன்னு எவனாவது சொல்லுவான்." தட்டை அவன் மேசையில் வைத்தாள். "வால்நட்டு வச்சுச் சுருட்டின ரொட்டி. வாத்தியாருக்கு லஞ்சம். என்னை பெயிலாக்கிடாத."

அவன் ஒரு துண்டை எடுத்துக் கையிலேயே வைத்திருந்தான். வாய் வரைக்கும் போகவில்லை.

வருடா வருடம் ஜனவரியில் இதே இடத்தில் நின்று அவன் பாடம் நடத்துவான். தகடு ஆளோடு வரும், ஆளோடு போகும். வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லச் சொல்லி வாங்குவான். அவனுடைய தகடோ இரண்டு குளிர்காலமாகத் தீயணைப்பு வண்டியிலேயே, சாவிக் கொத்து மாதிரி ஒரு வளையத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் தேடி எடுத்து மாட்டுவது தொல்லை. மற்றவர்களும் அப்படித்தான் செய்தார்கள். ஓட்டுநர் வளையத்தோடு கழற்றி வெரோனாவிடம் கொடுத்துவிடுவார்.

அன்று பள்ளிப் பேருந்து ஓட்டிவிட்டு ஒன்பது மணிக்கு அவன் வீட்டுக்கு வந்தான். பேஜர் அலறியபோது அடுப்பில் முட்டை. கைநீட்டிப் பேஜரை அணைத்தான். காரணம் ஒன்றும் இல்லை. உடம்பு நன்றாக இருந்தது. மற்றவர்கள் போவார்கள் என்று நினைத்தான். அவ்வளவுதான். சாப்பிட்டான், தட்டைக் கழுவினான். அப்புறம் ஏதோ உறுத்தி பேஜரைப் போட்டான். தீயணைப்பு வயர்லெஸ்ஸில் பேசுவதெல்லாம் அதில் கேட்கும். வெரோனாவின் குரல் அவன் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. எத்தனையாவது முறை என்று தெரியவில்லை. குரல் உடைந்திருந்தது.

வாசலில் நின்ற தன் காருக்கு ஓடி, அதிலிருந்த வயர்லெஸ்ஸை எடுத்தான். "ஹுடாக் பேசறேன். நான் வெளியிலதான் இருக்கேன்."

"எங்க?"

"பின்பக்கம்."

ஒரு வார்த்தைதான். கோட்டை மாட்டிக்கொண்டு நான்கு தெருவைத் தாண்டி, பின் சந்து வழியாகப் போய், வீட்டைச் சுற்றி முன்பக்கம் வந்தான். எல்லாரும் அவனைக் கட்டிப்பிடித்தார்கள். டாரல் ஆம்புலன்ஸில் படுத்தபடியே அவனைப் பார்த்துச் சிரித்தான்.

"ஆரம்பிக்கறதுக்கு முன்னால ஒண்ணு கேக்கணும்," என்றாள் வெரோனா. புது நோட்டுப் புத்தகத்தைத் திறந்து அவன் பக்கம் திருப்பினாள். வால்நட் தெரு வீட்டை வரைந்திருந்தாள். தண்ணீர்க் குழாய், ஏணி, வண்டி நின்ற இடம். ஆட்களுக்குப் புள்ளி வைத்துப் பெயர் எழுதியிருந்தாள். பின்பக்கம் ஒரு புள்ளி. பக்கத்தில் பென்சிலால் எழுதி, அழித்து, மறுபடி எழுதி, தாள் நைந்திருந்தது.

"இந்த ஒரு இடம் எனக்கு வரவே மாட்டேங்குது லென். வண்டியில ஆறு பேர் இறங்கினாங்க, வளையத்துல ஆறு தகடு. எண்ணினேன். அது நல்லா ஞாபகம் இருக்கு. ஆனா உன்னைப் பாத்தது ஞாபகம் இல்ல. நீ எங்கிட்ட வந்து பின்பக்கம் போறேன்னு சொன்னியா? முகமூடி போட்டிருந்தியா? ஏதாவது ஜோக் அடிச்சியா? ஒண்ணு எடுத்துக் கொடு போதும், மிச்சம் தானா வந்துடும்."

"அக்கா..."

"நீ சங்கடப்படாத. நான் அழுவ மாட்டேன்." அவள் பென்சிலை எடுத்துக்கொண்டாள். "எங்கம்மாவுக்கு அறுபதுல ஆரம்பிச்சுது. முதல்ல அடுப்பை மறந்தாங்க. அப்புறம் எங்கப்பா பேரை. கடைசியில என்னைப் பாத்து, இந்தப் பொம்பளை யாருன்னு கேட்டாங்க. இப்ப நான் கடைக்குக் கிளம்பினா பாதி வழியில திரும்பி வந்து அடுப்பைப் பாக்கறேன். தினமும். செவ்வாய்க்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில தலையைப் பாக்கற டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன். வீட்டுக்காரர்கிட்டகூடச் சொல்லல. நீ எதையாவது சொல்லி அது எனக்கு ஞாபகம் வந்துட்டா, நான் போகவே வேண்டாம் பாரு."

லென் கையிலிருந்த ரொட்டியை மேசையில் வைத்தான். விரலெல்லாம் பிசுபிசுத்தது.

"உங்களுக்கு ஞாபகம் வராதுக்கா. நான் அங்க இல்ல."

"தெரியுமே, பின்பக்கம்."

"பின்பக்கமும் இல்ல. வீட்டுல இருந்தேன். பேர் கேட்டப்புறம்தான் வந்தேன்."

கீழே யாரோ வண்டியைக் கழுவ ஆரம்பித்திருந்தார்கள். தண்ணீர் சத்தம் கேட்டது.

"உடம்பு சரியில்லையா?" என்றாள்.

"நல்லாத்தான் இருந்தேன்."

"பேஜர் வேலை செய்யலையா?"

"செஞ்சுது. அணைச்சுட்டேன்."

அவன் தப்பிக்க இரண்டு கதவைத் திறந்து காட்டினாள். இரண்டிலும் அவனால் நுழைய முடியவில்லை.

"என்ன பண்ணிட்டிருந்த?"

"சாப்பிட்டுட்டு இருந்தேன்."

"என்ன சாப்பிட்ட?"

"முட்டை."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். ஏதோ கடைச் சாமான் பட்டியலைக் கேட்டது போல. பிறகு நோட்டைத் தன் பக்கம் திருப்பினாள்.

"அப்ப வண்டியில வந்த ஆறாவது ஆள் யாரு?"

"பக்கத்து ஊர் ரீட். வழியில ஏறிக்கிட்டான். அவன் தகட்டைத் தலைக்கவசத்துலயே வச்சிருந்தான். வளையத்துல இருந்த ஆறாவது தகடு என்னோடது. எனக்கும் அப்புறம்தான் தெரிஞ்சுது."

"உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"மறுநாள்."

"மறுநாள்," என்றாள் வெரோனா. பென்சிலைத் திருப்பி, பின்பக்கப் புள்ளியை அழித்தாள். தாள் கிழிந்தது. "அப்ப என் தலை சரியாத்தான் இருக்கு."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். அவன் எதிரிலேயே ஆஸ்பத்திரிக்குப் பேசினாள். செவ்வாய்க்கிழமை வரவில்லை, வேண்டியதில்லை, நன்றி. போனைப் பைக்குள் வைத்தாள். பையின் வாய் மூடவில்லை. மூன்று தடவை முயன்றாள். லென் எழுந்து உதவப் போய், பாதியில் உட்கார்ந்தான்.

"நானும் ஒவ்வொருத்தனையும் முகத்தைப் பாத்துத் தகடு வாங்கியிருக்கணும். வளையத்தோட வாங்கினது தப்பு. அது என் பங்கு, எடுத்துக்கறேன். அதுக்கு மேல ஒரு துளி எடுத்துக்க மாட்டேன், கேட்டியா?"

"மாவட்டத்துக்கு இன்னிக்கே எழுதிடறேன்."

"முதல்ல டாரல். காகிதம் அப்புறம். அவன் காகிதத்துல படிச்சுத் தெரிஞ்சுக்கக் கூடாது." அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். "நான் வந்து அரை மணி ஆவுது. இன்னும் மூணரை மணி நேரம் இருக்கு. நடத்து."

"அக்கா, இனி இது எதுக்கு?"

"குஸ்மா பயிற்சிக்கு டிமிக்கி கொடுத்தாள்னு பேர் வேணாம். நடத்துடா."

நடத்தினான். புத்தகத்தைப் பார்த்தே படித்தான். அவளைப் பார்க்க முடியவில்லை. தகடு ஆளோடு வரும், ஆளோடு போகும் என்ற இடத்தில் குரல் நின்றது. "கொஞ்சம் மெதுவா, எழுதிக்கறேன்," என்றாள். எழுதிக்கொண்டாள். பன்னிரண்டரை வரை ஒரு கேள்வி கேட்கவில்லை, ஒரு தடவை சிரிக்கவில்லை. ரொட்டியை மட்டும் துணியில் சுற்றித் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டாள்.

கிளம்பும்போது அவன் தன் தகட்டை நீட்டினான். வளையத்தில் தொங்கிய அதே தகடு.

"எங்கிட்ட எதுக்கு நீட்டற? நான் அதைத் தொடக் கூடாதுன்னு நீதான கையெழுத்துப் போட்ட," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

டாரலின் வீடு சர்ச்சுக்கு எதிரே. கார்களில் விழுந்த அடியைத் தட்டி நிமிர்த்துவது அவன் தொழில். விரல் மடங்க ஆறு மாதமாகும், முழுதாக மடங்குமா தெரியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். லென் கதவைத் தட்டினான்.

"திறந்துதான் இருக்கு. வாடா பிணமே!"

அந்த நாளிலிருந்து டாரல் அவனை அப்படித்தான் கூப்பிட்டான். சோபாவில் இரண்டு கையையும் தலையணை மேல் வைத்து உட்கார்ந்திருந்தான். கட்டு முழங்கை வரை வெள்ளையாக இருந்தது. டிவியில் அமெரிக்கக் கால்பந்து.

"காபி போடு. எனக்கும் சேத்து. என் டம்ளர்ல ஸ்ட்ரா போடு, சின்னக் குழந்தை மாதிரி உறிஞ்சறேன். என்னடா, ஏன் கம்பம் மாதிரி நிக்கற? மெய்யாவே செத்துட்டியா?"

லென் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டான் என்று அவனுக்குத் தெரியும்.

"டாரல், அன்னிக்கு நான் அங்க வரவே இல்ல. வீட்டுல சாப்பிட்டுட்டு இருந்தேன். பின்பக்கம்னு சொன்னது பொய்."

டாரல் சிரிக்கத் தொடங்கினான். பாதியில் நிறுத்தினான். டிவியில் யாரோ கோடு தாண்டியதற்குக் கூட்டம் கத்தியது. ரிமோட் அவன் மடியில்தான் கிடந்தது. கட்டுக்குள் இருந்த விரலால் அதை அழுத்த முடியாது. லென் போய் அணைத்தான்.

"அந்தப் பின் ரூம்ல புகை," என்றான் டாரல். "ஒண்ணும் தெரியல. உன் பேரைச் சொல்லிக் கத்தினேன். கைக்கு என்னமோ மெத்துனு தட்டுச்சு. நீதான்னு நினைச்சு இழுத்தேன். தலையணை."

லென் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"கையுறை பெருசா இருந்துச்சுன்னு கழட்டிட்டேன்டா. கட்டிலுக்கு அடியில கை போகல. அதுக்காகத்தான் கழட்டினேன்."